ஒன்பது வருடப் பொறுப்பு

ஜூலை 22, திங்கள்
மீன்படகு உரிம அலுவலகத்தில் நான் 'பொறுப்பு' தலைமை எழுத்தராகி இன்றோடு ஒன்பது வருடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்புக் கடிதம் வரும். நிஜத்தில் நான், டெசிமா நோயல், இன்னும் இரண்டாம் எழுத்தர்தான். வயது ஐம்பத்தாறு. நிரந்தரம் ஆகாவிட்டால் இரண்டாம் எழுத்தராகவே ஓய்வு பெறுவேன். அது மட்டும் நடக்கக் கூடாது.

ஜூலை 25
என்னை நிரந்தரமாக்கச் சொல்லி இயக்குநர் அலெக்ஸிஸிடம் மறுபடி பரிந்துரைக் கடிதம் கேட்டேன். "கார்னிவல் முடியட்டும், மிஸ் டெசிமா. இப்ப அனுப்பினா யாரு படிக்கப் போறா?"
போன வருடம் சூறாவளி முடியட்டும் என்றார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி
மகளைப் பார்க்க அலெக்ஸிஸ் புரூக்ளின் போகிறார், எட்டு வாரம். வழக்கம்போல எல்லோரும் ஒரு நாற்காலி மேலே. திங்கள் முதல் நான் பொறுப்பு இயக்குநர். என் இடத்தில் பொறுப்பு - கிளென்ராய் பெல்மார். மூன்றாம் எழுத்தர். மதியத்துக்கு மேல் அவன் நாற்காலியில் அவன் கோட்டு மட்டும் உட்கார்ந்திருக்கும், அவன் ஸ்டீல் டிரம் பயிற்சிக்குப் போயிருப்பான்.

ஆகஸ்ட் 6
ஒரு யோசனை. திருட்டு யோசனை என்றே எழுதுகிறேன். பரிந்துரையில் இயக்குநர் கையெழுத்து வேண்டும். இப்போது இயக்குநர் யார்? ஆனால் என் பெயரை நானே பரிந்துரைத்தால் மேலிடத்தில் சிரிப்பார்கள். பெயரே போடாவிட்டால்?

ஆகஸ்ட் 7
எழுதிவிட்டேன். "தலைமை எழுத்தர் பொறுப்பை வகித்துவரும் அலுவலர் நேர்மையானவர், திறமையானவர், எட்டு மணிக்கு முன்பே இருக்கையில் இருப்பவர். இவரை நிரந்தரமாக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." கையெழுத்தைக் கிறுக்கலாகப் போட்டேன். கிளென்ராயேதான் தபாலில் சேர்த்தான்.
"என்ன மிஸ் டெசிமா, தனியா சிரிக்கிறீங்க?"
"உன் வேலையப் பாரு."

ஆகஸ்ட் 13
கார்னிவல். நிரந்தரமானவளைப் போலத் தெருவில் ஆடினேன். முழங்கால் வீங்கிவிட்டது.

செப்டம்பர் 19
பதில் வந்தது. இரண்டு தடவை படித்தேன். கடிதத்தின் தேதியில் தலைமை எழுத்தர் நாற்காலியில் இருந்தது யார் என்று பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார்கள். ஆகஸ்ட் ஏழு. கிளென்ராய் பெல்மார். நிரந்தரம்.
என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேனே. நேர்மையானவராம், திறமையானவராம் - யாரு, அவனா? கழிப்பறையில் போய் அழுதேன். நடுவில் சிரிப்பு வந்தது. அதுவும் அழுகையில்தான் முடிந்தது.

செப்டம்பர் 20
முறையிடலாமா? என்ன சொல்லி? என்னைப் பற்றி நானே எழுதிக்கொண்டேன் என்றா?
கிளென்ராய் எனக்கு வறுத்த ரொட்டியும் கருவாடும் வாங்கி வந்தான். "என்னைப் பத்தி இவ்வளவு நல்லா நினைச்சிருக்கீங்கன்னு தெரியாது, மிஸ் டெசிமா. பதிலோட வந்த உங்க கடிதத்து நகலுக்கு எங்கம்மா கண்ணாடி போட்டு மாட்டிட்டாங்க." கண் கலங்கி நின்றான். உண்மையைச் சொல்லாமல் ரொட்டியைக் கடித்தேன். ரொட்டி நன்றாகத்தான் இருந்தது, பாவி.

செப்டம்பர் 30
அலெக்ஸிஸ் திரும்பிவிட்டார். நான் பழைய மேஜையில், இரண்டாம் எழுத்தராக. கிளென்ராய் ஏழே முக்காலுக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறான். அதனால் நானும் வர வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்
கிளென்ராயின் குழு டொராண்டோவில் வாசிக்கப் போகிறது. சம்பளத்தோடு நாலு மாத விடுப்பு. நிரந்தரமானவர்களுக்குத்தான் அதெல்லாம். அவன் வரும்வரை தலைமை எழுத்தராக நான் - பொறுப்பு. கடிதம் காலையில் வந்தது.
புறப்படும்போது மேஜையருகே தயங்கி நின்றான். "நான் இல்லாதப்ப சமாளிச்சுடுவீங்களா, மிஸ் டெசிமா?"
கற்றுக்கொள்கிறேன் என்றேன்.