என் நெஞ்சைப் பற்றி என்னிடம் சொல்லாதது

3, திங்கள். காலையிலிருந்து தூறல்.

என் நெஞ்சுக்குள் இருப்பதை டாக்டர் என்னிடம் சொல்லவில்லை. என் மகனிடம் சொன்னார். அதுதான் அநியாயம். முதலில் இதை எழுதிவைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, கீழே டவுன் ஆஸ்பத்திரி. ஸ்கேன் படத்தைக் காட்டி மகன் சேகரிடம் டாக்டர் கால் மணி நேரம் ஆங்கிலம். எனக்குத் தோளில் ஒரு தட்டு. "ஓகே லா, பாட்டி." அவ்வளவுதான்.

காரில் சேகர்: "ஒண்ணும் இல்லம்மா. ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க."

ஒன்றும் இல்லாததற்குக் கியா பார்ம் சந்தையில் காரை நிறுத்தி ஸ்ட்ராபெரி வாங்கினான். இந்த மலையில் பிறந்து அறுபத்தெட்டு வருஷம். எனக்கு யாரும் வாங்கித் தந்ததில்லை.

என் வீட்டுக்காரரையும் இப்படித்தான் அனுப்பினார்கள். வீட்டுக்குப் போங்க, பிடிச்சதக் குடுங்க. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்.

4, செவ்வாய். பனிமூட்டம். துணி காயவில்லை.

என்னைப் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்தது: மைலோ டின் நான்கு, ஆரஞ்சு ஒரு பை. பக்கத்து வீட்டுப் புஷ்பம் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா, மொகம் நல்லாத்தான் இருக்கு."

"நான் இன்னும் சாவலடி. டின்ன வச்சுட்டு மூக்கத் தொடச்சுக்க."

அவள் போனபின் நல்ல சேலைகளைப் பிரித்து வைத்தேன். யாருக்கு எது. சோறு இறங்கவில்லை.

6, வியாழன். மதியம் வரை வெயில்.

சேகர் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு எஸ்டேட் கிளினிக்குக்கு நானே நடந்தேன். டிரெசர் மனோகரன் தம்பி, இருபது வருஷமாய் எங்களுக்கு மருந்து கொடுப்பவர், இரண்டு தடவை படித்தார்.

"நுரையீரல்ல பட்டாணி அளவு ஒரு புள்ளி, அக்கா. பழைய தழும்பா இருக்கலாம். கெட்டதாவும் இருக்கலாம். இப்ப எனக்குத் தெரியாது, அந்த டாக்டருக்கும் தெரியாது. வளருதான்னு பாக்கத்தான் ஆறு மாசம்."

"கைய விரிச்சுட்டாங்கன்னுல்ல நெனச்சேன்?"

"கைய விரிச்சவங்க தேதி போட்டுக் குடுப்பாங்களா லா?"

திரும்பி வந்து இரண்டு தட்டுச் சோறு. கருவாடு.

புள்ளி அப்படியேதான் இருக்கிறது. தெரியாது என்பதும் அப்படியே. ஆனால் இவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். முன்பு ஒரு தடவை தெரியாது என்று சொல்லி, அவரே வேனில் என்னைக் கீழே கொண்டுபோனவர். அவர் சொன்னால் பயம் இருக்கும், சந்தேகம் இருக்காது.

8, சனி.

சேகருக்கு நல்ல ஏச்சு. "நீங்க தாங்க மாட்டீங்கன்னுதாம்மா..."

"உங்கப்பன் செத்த மறுவாரம் கொழுந்து பறிக்கப் போனவடா நான். தாங்காதது நீ."

அழுதுவிட்டான். பாவம்தான். ஆனாலும் விடவில்லை.

9, ஞாயிறு. மழை.

டிரெசர் தம்பி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசிவிட்டார். புதன் பத்து மணி, அதே டாக்டர். வேறு டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லாதவரே சொல்லட்டும்.

புதனுக்கு:

சேகர்: வண்டி ஓட்டுவது. உள்ளே வந்தால் மொழிபெயர்ப்பு மட்டும், ஒரு வார்த்தை குறையாமல். எனக்குப் பதிலாகப் பேசக் கூடாது.

டிரெசர் தம்பி: நான் யோசித்து வைத்திருக்கும் ஐந்து கேள்விகளையும் டாக்டர் படிக்க மலாயில் பெரிய எழுத்தில் எழுதித் தருவது.

டாக்டர்: படத்தை என் பக்கம் திருப்புவது. தெரியாததைத் தெரியாது என்று என்னிடமே சொல்வது.

நான்: ஐந்துக்கும் பதில் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது.