இலை ஓரத்தில் ஒரு போர்பன்

இன்று காலை காபி ஃபில்டரைத் திறந்தால் கருப்பட்டி வாசம் குப்பென்று அடிக்கிறது. எத்தனை தரம் வெந்நீர் ஊற்றிக் கழுவினாலும் போகாது என்று எனக்குத் தெரியும். நீங்கள் இருந்தபோது இதே ஃபில்டருக்காக எத்தனை சண்டை போட்டிருப்பேன். இந்தத் தடவை அதில் பாகு வடிகட்டியது நான்தான் என்பதால் உங்களைத் திட்ட நியாயமில்லை. ஆனாலும் திட்டிக்கொண்டேதான் காபி போட்டேன்.

நேற்று உங்கள் தலைத் திவசம். கனடாவிலிருந்து வந்த மகன் ஒரு போர்பன் விஸ்கி பாட்டிலும் ஒரு மேப்பிள் பாகு பாட்டிலும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். “அப்பாவுக்குப் புடிச்சத வைக்கணும்லாம்மா” என்றான். வேறு யார் சொல்லியிருந்தாலும், பூண்டுகூடச் சேராத நம் வீட்டுப் படையலில் விஸ்கியா என்று பிடி பிடியென்று பிடித்திருப்பேன். அவனிடம் சரி என்றேன். காரணம் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு கட்டிலில் கிடந்தபடி, “ஏட்டி, ஒரே ஒரு கிளாஸ் போடுதியா? நான் சொல்லச் சொல்ல நீ கலக்கு” என்று கேட்டீர்கள். “டாக்டர் சொன்னது காதுல விழலையா? பேசாம கெடங்க” என்றேன். அன்றைக்குக் கொடுக்காத அந்தக் கிளாஸை நேற்றாவது சரியாகக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் குறி.

சரியாக என்றால் எப்படி? அதை நீங்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தால்தானே.

கப்பல் பாரில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தீர்கள். மற்ற வீட்டு ஆம்பிளைகள் குடித்தால் சத்தம் போடுவார்கள், இல்லை தூங்குவார்கள். நீங்கள் பாடம் நடத்துவீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு கிளாஸ்: விஸ்கி, இனிப்புக்குப் பாகு, கசப்புக்குச் சில சொட்டு மருந்து, வாசத்துக்கு ஆரஞ்சுத் தோல். அதற்கு வெள்ளிக்கிழமையே அடுக்களை உங்கள் கைக்குப் போய்விடும். கப்பலிலிருந்து கொண்டுவந்த மேப்பிள் பாகு தீர்ந்ததும் கருப்பட்டியை உடைக்க ஆரம்பித்தீர்கள். “அவன் அவன் மரத்துல எடுக்கான், நாம நம்ம மரத்துல எடுக்கோம். நம்மளதுல புகை வாசம் இருக்குல்லா” என்று பெருமை வேறு. நான் காய்ச்சுகிற பாகில் உங்கள் பங்கை மொண்டு என் ஃபில்டரில் வடிகட்டி, மண்ணும் சுண்ணாம்பும் அடியில் தங்கும்வரை அசைக்காமல் வைப்பீர்கள். அந்தக் கிண்ணத்தை நான் ஓரமாக நகர்த்தினால்கூட வீடு இரண்டுபடும். எறும்பு வந்தால் மட்டும் அது என் குற்றம்.

கசப்புக்கு ஊற்றுகிற மருந்து தீர்ந்தபோது, காய்ச்சலுக்கென்று நான் வாங்கி வைத்திருந்த நிலவேம்புக் குச்சியை விஸ்கியில் ஊறப் போட்டீர்கள். ஆரஞ்சுத் தோலுக்குப் பதில் ஊறுகாய்க்கு வைத்திருந்த நாரத்தங்காயைச் சீவி எடுத்துவிட்டு, மொட்டைக் காயைத் திரும்ப என் கூடையிலேயே போட்டு வைப்பீர்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு கரண்டியை நீட்டிக்கொண்டு பின்னாலேயே வருவீர்கள். “ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாரேன். சரியா இருக்கான்னு சொல்லு.” ஒருநாளும் நான் பார்த்ததில்லை. அளவையாவது எழுதி வையுங்கள் என்றால், “கைக்குத் தெரியும்ட்டி” என்பீர்கள். உங்கள் கைக்குத் தெரிந்து எனக்கு என்ன பிரயோசனம்?

நேற்று மகன் ஃபோனைப் பார்த்து வாசித்தான், நான் கலக்கினேன். ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு அளவு போட்டிருக்கிறது. மேப்பிள் பாட்டிலைத் திறக்கவே விடவில்லை, கருப்பட்டிதான் காய்ச்சினேன். படையலுக்கு வைப்பதை முன்னால் ருசி பார்க்கக் கூடாது. ஆகவே இனிப்பு கூடியதா, கசப்பு கூடியதா, ஒன்றும் தெரியாமல் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, இலை ஓரத்தில் வைத்தேன்.

உங்கள் தங்கை எட்டிப் பார்த்தாள். “என்ன மயினி, பானகமா?”

“ஆமா” என்றேன். வேறென்ன சொல்ல?

சூடம் காட்டி, காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டுத் திரும்பினால், உங்கள் தங்கை கையில் டம்ளர். “வெயிலுக்கு நல்லதுல்லா, ஆளுக்கு ஒரு வாய் கொடுத்திருதேன்” என்று பூசைக்கு வந்த ஓதுவாரிடம் போகிறாள். அவரும் கையைக் குழித்து நீட்டிவிட்டார். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். “இது அவுகளுக்கு வச்சது, நான்தான் குடிக்கணும்” என்று சொல்லி, மூச்சுவிடாமல் ஒரே மடக்கில் குடித்தேன். தொண்டையிலிருந்து வயிறுவரை எரிந்துகொண்டு போனது.

“என்ன மயினி, கண்ணெல்லாம் கலங்கிட்டு” என்றாள்.

“அவுக நெனப்பு” என்றேன். மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியதைப் பார்த்து, அப்பாவை நினைத்து அழுகிறான் என்று உங்கள் தங்கை அவனைத் தேற்றப் போனாள்.

எரிச்சல் அடங்கிய பிறகுதான் நாக்குக்கு உறைத்தது. சுக்கு. ஏலமும் இருந்தது. நாற்பது வருஷமாகக் கருப்பட்டிப் பாகு என்றால் சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டே பழகிய கை, நேற்றும் கேட்காமல் போட்டிருக்கிறது. நீங்கள் இருந்தால் அடுப்புப் பக்கத்திலேயே நின்று, நான் சுக்கைத் தட்டுவதற்கு முன்னால் உங்கள் பங்கை மொண்டுகொண்டு போய்விடுவீர்கள். நேற்று மொண்டுகொள்ள ஆளில்லை. ஒரு வருஷம் நினைத்து நினைத்துக் கொடுத்த ஒரு கிளாஸ், கடைசியில் கஷாயமாகப் போயிற்று. என்மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. உங்கள்மேலும்தான்.

எல்லாரும் போன பிறகு சாயங்காலம் மறுபடி காய்ச்சினேன். சுக்கு டப்பாவை மகனிடம் கொடுத்து எங்கேயாவது ஒளித்து வை என்றேன். பாகு இப்போது கிண்ணத்தில் தெளிந்துகொண்டிருக்கிறது. இன்று கலக்கி, ருசி பார்த்தே வைக்கப் போகிறேன். சம்பிரதாயம் எப்படியும் போகட்டும்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. மூன்றாவது அப்பளம் கிடையாது என்றால் கிடைக்கும்வரை பத்துத் தரம் கேட்கிற மனிதர் நீங்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒரு ‘மாட்டேன்’-ஐயாவது நீங்கள் முதல் தரத்திலேயே ஏற்றுக்கொண்டது உண்டா? அன்றைக்கு மட்டும் நான் அதட்டியதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். மறுநாள் கேட்பீர்கள் என்று நினைத்தேன். டாக்டர் சொன்னது கிடக்கட்டும் என்று கருப்பட்டிகூட உடைத்து வைத்திருந்தேன். அதற்கு மறுநாளும் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கேட்டீர்கள், ஜன்னலைத் திறக்கச் சொன்னீர்கள்.

இன்னும் ஒரு தரம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.