வாசல் கதவில் ரங்கெல்

அன்பு மகள் நெவெனாவுக்கு,

அம்மா எழுதுவது. நலமாக இருக்கிறாயா? நாங்கள் இருக்கிறோம். டிரைவர் மித்கோவின் பஸ்ஸில் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்பிய பெட்டியை இதற்குள் பிரித்திருப்பாய். மேலே பாலாடைக்கட்டி, சீக்கிரம் சாப்பிட்டுவிடு. கீழே சுட்ட மிளகாய்த் தொக்கு. போன தடவை அனுப்பிய ஜாடிகளே இன்னும் திரும்பி வரவில்லை. சோஃபியாவில் முதுகலை படிக்கிறவர்கள் ஜாடியையும் சேர்த்துத் தின்றுவிடுவீர்களோ என்னவோ.

ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அலுவலகத்தில் இருக்கும்போது நீ எதைக் கேட்டாலும் "ம், ம்" என்கிறாய். நானோ கத்திவிடுவேன். அதனால்தான் கடிதம். தனியாக உட்கார்ந்து படி.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதைச் செய்துவிட்டேன். பஸ் நிறுத்தச் சுவர் இப்போது பளிச்சென்று இருக்கிறது. சிமெண்டு ஆலை கட்டிக்கொடுத்த நிறுத்தம், கண்ணாடி, பெஞ்சு எல்லாம் என் மகள் யோசனை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவள் நான். ஆலையின் சமூக நலப் பிரிவுக்குப் பயிற்சிக்குப் போன பெண், அதுவும் அங்கே வேலை செய்பவரின் மகள், இவ்வளவு செய்கிறாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் நம் ஊரில் சுவர் என்று ஒன்று எழும்பினால் மறுநாளே அதில் செத்தவர்கள் அஞ்சலித் தாளாக ஏறிவிடுவார்கள் என்பதை மட்டும் நீ எப்படி மறந்தாய்?

"அம்மா, வெள்ளிக்கிழமை திறப்பு விழா. ஃபோட்டோ நல்லா வந்தா என்னை வேலைக்கே வெச்சுக்குவாங்க. அந்தத் தாள் மட்டும் அங்க இருக்கக் கூடாதும்மா, எங்க பிரிவு மேடம் ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. நீ சொன்னா பென்கா அத்தை கேப்பாங்க" என்று அழுதாய். பென்கா மாதிரி எல்லோரும்தான் தங்கள் வீட்டுச் சாவுக்குத் தாள் ஒட்டுகிறார்கள். எல்லாவற்றிலும் படமும் பெயரும் "உங்களை மறக்க மாட்டோம்" என்பதும்தான் இருக்கும். அவள் புருஷன் ரங்கெல் மாமா ஆலையில் சிமெண்டுக் குதிருக்குள் இறங்கிப் புதைந்து செத்து ஒரு வருஷம் ஆனதற்கு ஒட்டிய தாளில் பென்கா இன்னொரு வரியும் சேர்த்துவிட்டாள்: "கயிறு கட்டாமல் இறக்கினார்கள்." உன் மேடத்தின் கண்ணை உறுத்துவது அந்த வரிதான். எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

திங்கட்கிழமை பென்காவிடம் போனேன். ரங்கெல் பெயரைச் சொல்லி, வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவி, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு கரண்டி வைத்தாள். அதைத் தின்றுகொண்டே கேட்டேன். என்ன வெட்கம் கெட்ட வாய் இது! அவள் சண்டைக்கு வரவில்லை. "உன் பொண்ணு பொழைக்கணும்னா எடுத்துக்கோ ஸ்லாத்தினா. ஆனா என் கையால எடுக்க மாட்டேன். நீயே போய் எடு" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வெந்நீரும் துணியுமாகப் போனேன். அந்தப் படம் எது தெரியுமா? நீ பள்ளி முடித்த அன்று நம் வீட்டு விருந்தில் எடுத்தது. ஓரத்தில் ரங்கெலின் தோளில் ஒரு கை மட்டும் தெரியும். உன் அப்பாவின் கை. கிழிக்க மனம் வரவில்லை. நனைத்து நனைத்து முழுசாக உரித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

உன் அப்பா அதை மேசையில் பார்த்தார். மாவைக் கரைத்துப் பசை காய்ச்சினார். நேரே போய் நம் வாசல் கதவில் ஒட்டினார். "உனக்கென்னய்யா பைத்தியமா? எல்லாரும் உசுரோட இருக்கற வீட்டுக் கதவுல எவனாவது சாவை ஒட்டுவானா?" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்காமலே, "ரங்கெல் எறங்குன எடத்துல இப்ப யாரு எறங்குறான்னு நெனச்ச? நான்தான்" என்றார். கயிறு வந்துவிட்டதா என்று கேட்டேன். "வரும் வரும்கறாங்க. இப்போதைக்கு பெஞ்சு வந்திருக்கு" என்றார்.

ஒரு வருஷமாக என்னிடம் சொல்லவில்லை, நெவெனா. தினமும் ரொட்டி கட்டிக் கொடுத்து நானே அனுப்பிவைத்திருக்கிறேன். அந்த மனுஷனை அடிக்கலாம் போலவும் இருக்கிறது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருக்கிறது.

அவர் ஒட்டியதை எதிர்வீட்டு வெலிகோ பார்த்துவிட்டார். பென்காவிடம் கேட்டுக்கொண்டு, டவுனுக்குப் போய் நகல் எடுத்துவந்தார். இன்று காலை ரொட்டி வாங்கப் போகிறேன், தெருவில் கதவுக்குக் கதவு ரங்கெல். "இனி சாவே வந்தாலும் எந்த வீடுன்னு தெரியாம முழிச்சுட்டுத் திரும்பிப் போயிடும்" என்று வெலிகோ சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிறுத்தத்துக்கு வர வேறு வழி கிடையாது. உன் மேடத்தின் கார் நம் தெரு வழியாகத்தான் வர வேண்டும். நீயும் அதில்தான் உட்கார்ந்திருப்பாய்.

உன் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அப்பாவையும் ஆலையிலிருந்து துரத்திவிடுவார்களோ என்று பயம். துரத்தாவிட்டால் மறுபடி குதிருக்குள் இறங்குவாரே, அது எல்லாவற்றையும் விடப் பெரிய பயம். நம் கதவில் இருப்பதையாவது உரித்துவிடலாம் என்று இரண்டு தடவை வெந்நீரோடு போனேன். கை வரவில்லை.

வேலையை உதறிவிட்டு வா என்று சொல்ல மாட்டேன். அந்த இடத்துக்கு வர நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கதவுகளைப் பார்த்ததும் அந்தம்மா உன் பக்கம் திரும்பி, இதெல்லாம் என்ன என்று கேட்பாள். அப்போது "ம், ம்" என்று மட்டும் இருந்துவிடாதே, கண்ணு.

கடவுள் உன் கூடவே வரட்டும். உன் நாக்குக்கும் துணையாக இருக்கட்டும். நம் வீட்டுக் கதவில் தாளைப் பார்த்துப் பதறிவிடாதே. முதலில் பெயரைப் படி. இந்தத் தடவை ரங்கெல்தான்.

உன் அம்மா,
ஸ்லாத்தினா