உன் கிராம்பு டப்பா

மச்சி,

மூடியைத் திறந்ததும் கிராம்பு வாசம் சுர்ரென்று மூக்கில் ஏறியது. உன் பையில் டெஸ்டருக்குப் பக்கத்தில் கிடக்குமே, அதே தகர டப்பா. இன்றுதான் டாக்டர், நான் வேலைக்குப் போகலாம் என்றார். "படி மட்டும் மெதுவா ஏறுங்க" என்று அவர் முடிப்பதற்குள் நான் செருப்பை மாட்டிவிட்டேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு, நேராகச் சொல்கிறேன். எனக்கு ஹார்ட் அட்டாக் வந்தது. பிழைத்துவிட்டேன். அதற்குக் காரணம் நீ.

நாம் சேர்ந்து லிஃப்ட் பழுது பார்த்த நாளெல்லாம் நமக்குள் ஒரே சண்டைதான். ஏதோ ஒரு மாடியில் கதவுப் பூட்டு சரியாகச் சேரவில்லை என்றால் லிஃப்ட் நகராது. எந்த மாடி என்று தேட எனக்குப் பொறுமை கிடையாது. பேனலில் ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே மாட்டினால் போதும், கதவு திறந்து கிடந்தாலும் லிஃப்ட் ஓடும். அந்த ஜம்பரை நான் எடுக்கும்போதெல்லாம் நீ கையைத் தட்டிவிடுவாய்.

"இன்னா நைனா அவசரம்? அது நிக்குதுன்னா காரணம் கீது."

"தூசிடா. வேற ஒண்ணும் இல்ல."

"தூசின்னு யாரு சொன்னா? அது சொல்லிச்சா?"

பிறகு மாடி மாடியாக இறங்கி, கடைசியில் கண்டுபிடித்தும் விடுவாய். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

அப்புறம் மேற்கு மாம்பலத்தில் அந்த மார்கழிக் காலை. ஆற்றோரத்து வீட்டை அரசாங்கம் காலி செய்து உங்களை ஊர்க்கோடிக்கு அனுப்பியதிலிருந்து நீ இருட்டிலேயே கிளம்பி பஸ் மாறி மாறித்தான் வருவாய். அன்றைக்கு வந்ததும் தாடையைப் பிடித்துக்கொண்டாய். ஒரு கிராம்பை எடுத்துக் கடித்தாய். "கடவாப் பல்லு மச்சி. ஒரு வாரமா உசுர வாங்குது." எனக்குக் குளிரிக்கொண்டிருந்தது. உன் சட்டையோ தொப்பலாக நனைந்திருந்தது. "புழுக்கமா கீதுல்ல?" என்றாய். மதியம் படியில் சாய்ந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. பல் இல்லையாம், ஹார்ட் அட்டாக்காம்.

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஒரு லிஃப்டுக்கு ஜம்பர் போட விடாதவன் உன் உடம்புக்கு நீயே கிராம்பால் போட்டுக்கொண்டாயே! உன் பையை என்னிடம் நீட்டும்போது உன் பெண்டாட்டி சொன்னது இதுதான்: "நீயே வச்சிக்கோண்ணே. பாத்தா தாங்கல."

அந்தப் பைதான் மயிலாப்பூரில் என் கையில் இருந்தது. குளத்துக்குப் பின்தெருவில் ஓர் அடுக்ககம், மொட்டை மாடியில் மெஷின் ரூம். பேனலைத் திறந்து நிற்கும்போது தாடைக்குக் கீழே ஓர் இழுப்பு. இடது தோளில் யாரோ கையை ஊன்றி அழுத்துவது போலக் கனம். பல்லுதான் என்று நினைத்து டப்பாவை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். வாசம் வந்தது, கூடவே நீயும் வந்தாய். குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். தொப்பல்.

கிராம்பை வாயில் போடவில்லை, மச்சி. மெயினை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுக்ககத்தின் செயலாளர் மாமா மூச்சு வாங்க ஏறி வந்தார். "ஆச்சாப்பா? மாமி கோயிலுக்குப் போய்ட்டு வந்து கீழேயே ஒக்காந்துண்டிருக்கா."

"லிஃப்ட் கிடக்கட்டும் மாமா. எனக்கு ஹார்ட் அட்டாக்னு நினைக்கிறேன். ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க."

"இந்த வயசுலயா? வாயுவா இருக்கும்ப்பா. ஆத்துல ஓமம் இருக்கு, கொண்டு வரச் சொல்றேன்."

"வாயுன்னு யார் மாமா சொன்னா? அது சொல்லிச்சா?"

சத்தியமாக இப்படியேதான் கேட்டேன்! மாமா அரண்டுபோய் போனை எடுத்தார். லிஃப்ட் ஓடவில்லையே, அதனால் என்னை நாற்காலியில் கட்டிப் படிப்படியாக இறக்கினார்கள். கீழே மாமி வாயில் கைவைத்துக்கொண்டாள். "ஐயையோ, ரிப்பேர் பண்ண வந்தவனையேன்னா தூக்கிண்டு போறா!" அந்த வலியிலும் சிரித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுக்கவில்லை. என் இதயக் குழாய் திரையில் தெரிந்தது, ஓர் இடத்தில் வெட்டிவிட்டாற்போல நின்றிருந்தது. ஸ்டென்ட் என்கிற குட்டிக் கம்பி வலை உள்ளே விரிந்ததும், குழாயில் ஏற்றிய மை கறுப்பாக அதற்கு அப்பால் குபுகுபுவென்று ஓடியது. கையைக் கட்டிப்போட்டிருந்தார்கள், இல்லாவிட்டால் கைதட்டியிருப்பேன். "நேரத்தோட வந்தீங்க" என்றார் டாக்டர். அனுப்பியது யார் என்று அவருக்கு எங்கே தெரியும்?

வராந்தாவில் தொடங்கிய நடை போன வாரம் கோட்டூர்புரம் பாலம் வரை போனது. இன்று நேரே அதே மயிலாப்பூர் கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறினேன். ஆமாம், நான்தான், நின்று நின்று! பேனலைத் திறந்தால் சிவப்பாக ஒரு ஜம்பர். எனக்குப் பிறகு வந்தவன் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். பிடுங்கி எறிந்தேன்.

"ஓடிண்டிருந்ததை ஏம்ப்பா நிறுத்தினே?" என்றார் மாமா.

"காரணம் கீது மாமா."

மாடி மாடியாக இறங்கினேன். இரண்டாவது மாடிக் கதவில் தாழ் வளைந்திருந்தது. நிமிர்த்தினேன். மாமி லிஃப்டில் ஏறிப் போனாள்.

உன் டப்பாவில் இருந்த கிராம்பை மாமி வீட்டில் கொடுத்துவிட்டேன், குருமாவுக்கு ஆகும் என்று வாங்கிக்கொண்டாள். இப்போது அதில் இருப்பது நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. சட்டைப் பையில், இடது பக்கம். எத்தனை முறை துடைத்தாலும் உன் வாசம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. இருக்கட்டும். காரணம் கீது.