என் பெயரில் ஒரு ஜெபக்குறிப்பு

9 ஜூலை 2025, புதன்

சாம்பாரில் உப்பு குறைவு என்றார் ரூபஸ். இருபத்துமூன்று வருடமாக அதையே சொல்கிற புருஷன்தான். இன்றைக்கு மட்டும் ஏன் கண்ணாடி டம்ளரை வீசினேன்? குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வயது நாற்பத்தெட்டு. மாதவிலக்கு இஷ்டத்துக்கு வருகிறது. வியர்வை மட்டும் தவறாமல் வருகிறது.

13 ஜூலை, ஞாயிறு

சபையில் ஜெபக்குறிப்புச் சீட்டுகளை வாசித்தார்கள். விசா கிடைக்க ஒருவர், மூட்டுவலி தீர ஒருவர். மூன்றாவது — “சகோதரி ஞானகுமாரியைப் பிடித்திருக்கும் கோப ஆவி விலக.” எழுதிப் போட்டவர் ரூபஸ். சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது.

வெளியே வந்து கேட்டேன். “உன் நல்லதுக்குத்தான் போட்டேன். ஊட்ல நானும் கொயந்தயும் பயந்துகினு கீறோம்” என்றார். குழந்தை ஜெபிஷாவுக்கு வயது இருபத்தொன்று.

16 ஜூலை

வீட்டில் ஜெபக் கூட்டம். என் ஆவியைத் துரத்த வந்த எட்டுப் பேருக்கும் நானே டீ போட்டேன்! பாஸ்டரம்மா என் தலையில் கையை வைத்து அழுத்து அழுத்தென்று அழுத்தினார். போகும்போது பாஸ்டர், “ஞாயிறு பள்ளி கொஞ்ச நாளு வேணாம் சிஸ்டர். பசங்க பயந்துடும்” என்றார்.

பதினாறு வருடமாக நான் நடத்துகிற வகுப்பு. அங்கே ஒரு நாளாவது கத்தியிருக்கிறேனா? ஒரு பிள்ளையையாவது கேட்டிருக்கலாமே.

20 ஜூலை, ஞாயிறு

என் வகுப்பைச் சபையிலுள்ள ஜாஸ்லின் என்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். செத்துப்போனால் என்ன என்று தோன்றியது. யாரிடம் சொல்ல?

22 ஜூலை, செவ்வாய்

இந்த நோட்டை ஜெபிஷா படித்துவிட்டாள். உடனே ஆட்டோவைக் கூப்பிட்டாள். பூந்தமல்லியில் டாக்டர் அனுசுயா அரை மணி நேரம் கேட்டார். “இது பேயும் இல்ல, பைத்தியமும் இல்லம்மா. மாதவிலக்கு நிக்கப்போற சமயம். தூக்கம், மனசு எல்லாத்தையும் ஆட்டி வைக்கும். சாகணும்னு தோணினா மட்டும் மறைக்காதீங்க.” மாத்திரை எழுதினார். வாரம் ஒருமுறை மனம்விட்டுப் பேச ஓர் ஆலோசகரையும் சொன்னார்.

இதைச் சொல்ல இத்தனை நாள் ஒரு ஆள் இல்லையா?

ரூபஸ் கேட்டார்: “இதுக்குப் போயி டாக்டரா? எங்கம்மால்லாம் மாத்திரையா துன்னாங்க?” கடைசி வருடங்களில் மாமியார் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததை அவர் மறந்துவிட்டார்.

14 செப்டம்பர்

ஒன்பது நாளாக நல்ல தூக்கம்.

2 நவம்பர், ஞாயிறு

சபையில் சாட்சி சொல்லும் நேரம். ரூபஸ் மைக்கைப் பிடித்து, “என் மனைவிக்குக் கர்த்தர் விடுதலை குடுத்தார். கோப ஆவி ஓடிச்சு!” என்றார். ஒரே அல்லேலூயா. என்னையும் எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். மைக்கை வாங்கினேன்.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம். டாக்டர் அனுசுயா, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் பாக்கறாங்க. நாப்பது தாண்டின அக்காங்கல்லாம் போய்ப் பாருங்க. ஊட்டுக்காரரு சீட்டு எழுதறதுக்கு முன்னாடியே போங்க.”

ஒரு ஆமென்கூட வரவில்லை. ரூபஸ் என்னை விட்டுவிட்டு வண்டியில் போய்விட்டார். வகுப்பு ஜாஸ்லினிடமே இருக்கட்டும் என்றார் பாஸ்டர்.

3 நவம்பர், திங்கள்

பாஸ்டரம்மா போன் செய்தார். “பாஸ்டரு வெளிய போயிருக்காரு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அந்த டாக்டரம்மா... எத்தினி மணிக்கு வராங்க?”

எனக்கு வெறுப்பாகத்தான் இருந்தது. போனை வைத்துவிடலாமா என்றும் நினைத்தேன்.

“அஞ்சு மணிக்கு. தனியாப் போவாதீங்க, நானும் வரேன்” என்றேன்.