அலுமாரியில் பூட்டிய வீடு

அன்புள்ள அக்கா,

எல்லோரும் தூங்குகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே எங்கள் பேட்டை போர்கோ வெக்கியோ தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நீலமாக இருக்கிறது.

போலந்திலும் பக்கத்து நாடுகளிலும் கம்யூனிச ஆட்சி விழுந்ததும், தலைநகரை வெறுத்துப்போய் அதிகாரத்தை ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள் என்று வார்சாவில் நீ படிப்பதைச் சொன்னாய். பிறகு சில நாடுகளில், ஊர்கள் கைநழுவிவிடும் என்ற பயத்தில் தலைநகரமே திரும்பப் பிடுங்கியது என்றாய்.

நீ விரும்பும் போலந்துப் பையனைப் பற்றி வீட்டில் சொன்ன அன்றே அப்பா எங்கள் பாஸ்போர்ட், போன் எல்லாவற்றையும் அலுமாரியில் பூட்டினார்.

“இனி எல்லாம் என்னைக் கேட்டுத்தான்.”

“மூச்சு விடவும் கேக்கோணுமோ?” என்றார் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

அம்மாவுக்குச் சுகமில்லை, ஓடி வா என்று ஞாயிறன்று அப்பா போனில் உன்னிடம் சொல்லுவார்; அவர் அம்மாவிடம் அப்படிச் சொன்னது எனக்குக் கேட்டது. அம்மா சுகமாக இருக்கிறார். நீ வந்தால் அப்பா திரும்ப விடமாட்டார். இதை நாளை தோழியின் போனில் படமெடுத்து அனுப்புவேன்.

உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. வராதே.

உன் தங்கை