மடங்காத கணுக்காலுக்கு ஒரு பைக்

நிந்தவூர்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

என் அன்பு மகன் அஹ்ஸனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மதுல்லாஹ். உன்னைப் படைத்தவன் உன்னைத் தன் காவலில் வைத்திருக்க வேண்டும், இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீ எழும்பி உட்கார்ந்து வாசிக்கிற நிலையில் இருக்க வேண்டும் என்று கேட்டபடி உன் வாப்பா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் நல்ல சுகம் என்று எழுதித்தான் தொடங்கப் போனேன், கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. உம்மாவின் பிரஷர் மருந்தில் அடங்கி இருக்கிறது, தங்கச்சி நுஸ்ஹா பாலமுனையில் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய் வருகிறாள், என் தையல் கடையும் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் நீ போன் எடுக்காத வீட்டில் யாருக்குச் சுகம் இருக்கும் மகன். மணி அடிக்கிறது, அடித்து ஓய்கிறது. உம்மா அனுப்புகிற வொய்ஸ் எல்லாவற்றையும் நீ கேட்டதாக நீல அடையாளம் விழுகிறது, பதில் மட்டும் இல்லை. சில நாள் அவ அந்த நீல அடையாளத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளை உயிரோடதான் இரிக்கான் என்று சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போகிறா. அதனால்தான் கடிதம். உன்னோடு ஒரே அறையில் இருக்கிற முர்ஷித் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறான், இதை உன் கையில் தந்துவிட்டு நீ வாசித்து முடியும் வரை பக்கத்திலேயே இருப்பேன் என்று எனக்கு வாக்குத் தந்திருக்கிறான்.

அவன் ஊருக்கு வந்த கையோடு எங்களைப் பார்க்க வந்தான். அங்கே நீ வேலைக்கு ஓடுகிற பைக்கில் கார் மோதியது, இடது கணுக்கால் எலும்புகளைத் தகடு வைத்து ஒன்றாக்கிவிட்டார்கள், நடக்கலாம், ஆனால் கணுக்கால் இனி மேலும் கீழும் மடங்காது, இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீ எப்படி இருக்கிறாய் என்பதை முர்ஷித் சொல்லித்தான் அறிந்தோம். உம்மா தேத்தண்ணி ஊற்ற உள்ளே போன நேரம் பார்த்து அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மாமா, அவன் சுவர்ப் பக்கம் கிறுகிக் கிடக்கான், சோத்த வெச்சா வெச்ச மாதிரியே இரிக்கி, ஊருக்குப் போவம் வா எண்டு கேட்டா, பைக் ஓட ஏலாதவன் ஊருக்குப் போய் வாசல்ல குந்திட்டு இரிக்கவா எண்டு கேக்கான் என்று சொன்னான். பிறகு தன் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைக் கழற்றி என் முன்னால் வைத்தான். உன்னுடைய மணிக்கூடு. இனி எனக்கு நேரம் பாத்து ஒண்டும் ஆகப் போறல்ல, நீயே கட்டிக்க என்று சொல்லி ஹெல்மட்டோடு சேர்த்து நீ அவனுக்குக் கொடுத்தாயாம். முதலில் அன்புக்குத் தந்தாய் என்று வாங்கிக்கொண்டானாம், பிளேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சில் திக்கென்றதாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. உம்மா தேத்தண்ணியோடு வந்தா, நான் மணிக்கூட்டைப் பொக்கட்டில் போட்டுக்கொண்டேன். அவவுக்கு இன்னும் தெரியாது.

மகன், நேராகவே கேட்கிறேன். நீ செத்துப் போக நினைக்கிறாயா. ஓம் என்றால் ஓம் என்று என்னிடம் சொல்லு. நான் ஏச மாட்டேன், மார்க்கம் சொல்லி உன்னைப் பயமுறுத்த மாட்டேன், யாரிடமும் போய்ச் சொல்லவும் மாட்டேன். எனக்குச் சொல்லு, அது போதும். அன்றைக்கே முர்ஷித்தைக் கொண்டு உங்கள் அறையில் இருக்கிற சப்ரிக்குப் போன் எடுக்க வைத்து, உன்னை ஒரு நேரமும் தனியே விட வேண்டாம் என்று கெஞ்சினேன். அவன் உன் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுப்பது அவன் சொல்கிற மாதிரி சூட்டுக்காக அல்ல. அதற்காக அவனோடு கோபிக்காதே. முர்ஷித் வந்ததும் உன்னை வைத்தியரிடம் கூட்டிப் போவான், காலுக்கு அல்ல, மனசுக்கு. மறுக்காமல் போ. என்னிடம் பாஸ்போட் இருந்திருந்தால் நானே வந்திருப்பேன், இப்போதுதான் விண்ணப்பம் எழுதிப் போட்டிருக்கிறேன், அது வரும் வரை இங்கே இருந்து நான் என்னத்தைச் செய்வது.

கடைக்குப் போனேன், ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டைக்குக் கையை உள்பக்கம் வெளியே வரத் தைத்துவிட்டேன். மெஷினை மூடிவிட்டு வந்து பின்னால் கொட்டிலில் நிற்கிற உன் சிவப்புப் பைக்கின் உறையைக் கழற்றினேன். மருதமுனைச் சாரிகளைக் கட்டி ஏற்றிக்கொண்டு நீ வயல் ஊர்களுக்கெல்லாம் ஓடின பைக். பைக் ஓட ஏலாதவன் என்று நீ சொன்னது காதுக்குள் நின்றது. ஏறி உட்கார்ந்து என் இடது காலைக் கவனித்துப் பார்த்தேன். கியரைக் கூட்டுவதற்கு விரலைப் பெடலுக்குக் கீழே கொடுத்துத் தூக்க வேண்டும், தூக்குவது கணுக்கால்தான். இத்தனை காலம் ஓடியும் அது எனக்குத் தெரியாது, கால் தன்பாட்டுக்குச் செய்துகொண்டு இருந்திருக்கிறது. துணி சுற்றி வருகிற மெல்லிய பலகையில் இரண்டு துண்டு வெட்டி, கணுக்காலுக்கு இரண்டு பக்கமும் வைத்து, கெண்டைக்காலிலிருந்து பாதம் வரை பண்டேஜ் துணியால் இறுக்கிக் கட்டினேன். கால் மரக்கட்டை மாதிரி ஆனது. உம்மா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு, உங்களுக்கு என்ன நடந்திரிக்கி, புள்ளைக்கு ஒரு கால் போனது காணாதா என்று கேட்டா. அவன் எப்பிடி ஓடுவான் எண்டு பாக்கப் போறன் என்றேன். அவ போய்க் கேட்டைத் திறந்துவிட்டா.

சொறிக்கல்முனை வரை முதல் கியரிலேயே போனேன். அடுத்த கியர் போட முழுக் காலையும் தூக்க வேண்டியிருந்தது, தூக்கினால் முழங்கால் ஹேண்டிலில் இடித்தது. எஞ்சின் கதறிக்கொண்டே வந்தது. அங்கே வெல்டிங்கும் பைக் வேலையும் செய்கிற அழகரெத்தினத்தை உனக்குத் தெரியும், மழை வந்தால் சாரிக் கட்டை அவன் கடையில்தானே இறக்கி வைப்பாய். என் காலைப் பார்த்துவிட்டு, ஷரிபுதீன் காக்கா, கியர் இல்லாத ஸ்கூட்டி ஒண்ட தம்பிக்கு எடுத்துக் குடுங்களன், என்னத்துக்கு இந்தக் கஸ்டம் என்று கேட்டான். அவன் ஸ்கூட்டி கேக்கல்ல, பைக் ஓட ஏலாது எண்டுதான் சொன்னான் என்று சொன்னேன். அழகரெத்தினம் சாமான் பெட்டியைத் திறந்தான். பழைய பைக் ஒன்றிலிருந்து முன்னும் பின்னும் மிதி உள்ள கியர் பெடலைக் கழற்றி உன் பைக்கில் பூட்டினான். முன் மிதியைப் பாதத்தால் மிதித்தால் கியர் குறையும், பின் மிதியைக் குதிகாலால் மிதித்தால் கூடும். விரலால் தூக்குகிற வேலையே இல்லை.

சந்தோசத்தில் அப்படியே புறப்பட்டேன். பின் மிதி என் குதிகாலுக்கு நெருங்கி இருந்ததை நான் கவனிக்கவில்லை. கட்டின காலில் தொடுகிறதா இல்லையா என்று தெரியாது. வாய்க்கால் பக்கம் வளைவில் கால் சும்மா படிந்ததில் கியர் தன்பாட்டில் கூடி, பைக் திணறி, நானும் பைக்கும் வயலுக்குள் போனோம். வேளாண்மை கதிர் பொதிந்து நிற்கிற குடலைப் பருவம், நல்ல சேறு, அதனால் முழங்கை உரசியதோடு தப்பினேன். ஆனால் எழும்ப முடியவில்லை. மடங்காத காலை ஊன்றினால் குதி மட்டும் சேற்றுக்குள் போகிறது, உடம்பு மேலே வருகிறது இல்லை. ஒரு தரம், இரண்டு தரம் பார்த்தேன். பிறகு எழும்ப மனமும் வரவில்லை. சேற்றிலே கிடந்து சத்தம் போட்டு அழுதேன். என் பிள்ளையை எனக்குத் தா என்று கேட்டு அழுதேன், வேறு துஆ எதுவும் வாயில் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த நுஸ்ஹா, உம்மா சொல்லித் தன் ஸ்கூட்டியில் என்னைத் தேடி வந்திருந்தாள். வயல்காரரும் அவளும்தான் தூக்கினார்கள். வீட்டுக்குப் போவம் வாப்பா, காணும் என்றாள். கராஜுக்குப் போவம் என்றேன்.

நான் தையல்காரன், ஆளை அளந்துதான் துணியை வெட்டுகிறவன். அன்றைக்கு அழகரெத்தினத்திடம் பின் மிதியை இரண்டு விரல் அளவு பின்னுக்கு நீட்டி வெல்டிங்கில் ஒட்டச் சொன்னேன். பெடல் பூட்டுகிற தண்டில் பல்லுப் பல்லாக வெட்டியிருக்கும், ஒரு பல் தள்ளி மாட்டியதும் முன் மிதி தாழ்ந்தது. கால் வைக்கிற கம்பி உயரமாக இருந்ததால் முழங்கால் அதிகம் மடங்கி இடுப்பு வலித்தது, அதைக் கொஞ்சம் இறக்கி முன்னால் கொண்டு வந்தோம். வலது பக்கப் பிரேக்கையும் அதற்கேற்றபடி தாழ்த்தினோம். சீட் பஞ்சை நானே சீவி உறையைத் திரும்பத் தைத்தேன், நிறுத்தும்போது பாதம் முழுதாக நிலத்தில் படிகிறது. மறுபடி காலைக் கட்டிக்கொண்டு ஏறினேன். நிந்தவூர் மெயின் றோட்டில் பஸ்களுக்கு நடுவே கியர் கூட்டி, குறைத்து, நிறுத்தி, எடுத்து ஓடினேன் மகன். இடுப்பு வலிக்கவில்லை, முழங்கால் இடிக்கவில்லை. நுஸ்ஹா பின்னால் வந்தவள் கடைவாசலில் நிறுத்தி, நான் திரும்பி வந்ததைப் போனில் வீடியோ பிடித்து என்னைக் கேட்காமலே உனக்கு அனுப்பியிருக்கிறாள். ஏசினேன். கட்டுப்போட்ட காலோடு வாப்பா கோமாளி மாதிரி ஓடுவதை நீ பார்த்து, இன்னும் மனம் உடைந்து போவாயோ என்று பயம். அதை அனுப்பி இன்றைக்கு மூன்றாம் நாள். நீ பார்த்தாய் என்று மட்டும் தெரியும். இதற்கு மேல் எனக்குச் செய்யத் தெரியாது மகன். மணிக்கூட்டை முர்ஷித்திடம் கொடுத்து உன் கையில் கட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். அதைத் திரும்ப யாருக்கும் கொடுக்காதே, உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

சனிக்கிழமை காலை

இரவு கடிதத்தை மடித்து வைத்திருந்தேன், இப்போது பிரித்து எழுதுகிறேன். சுபஹுத் தொழுதுவிட்டு இருக்க, உம்மா தொழுத உடுப்போடு போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தா. நீ எழுதியிருக்கிறாய். வாப்பா எந்தக் காலுல கட்டின என்று ஒரே ஒரு வரி. நுஸ்ஹாதான் இடது கால் என்று அனுப்பினாள். பிறகு நீ, அது சரிவராது, என்ட கால் நேராக இல்ல, கொஞ்சம் கீழ பாத்துத்தான் நிக்கிது, குதி படாது, பின் மிதிய உசத்தணும் என்று எழுதினாய். உம்மா அதை வாசித்துவிட்டு, இவ்வளவு பாடுபட்டும் அளவு பிழைச்சுப் போச்சே என்று அழுதா. நான் அந்த இடத்திலேயே நெற்றி நிலத்தில் படச் சுஜூதில் விழுந்தேன். மிதியை உயர்த்த வேண்டும் என்று சொல்கிற பிள்ளை மனசுக்குள் அந்த மிதியில் காலை வைத்துப் பார்க்கிற பிள்ளை. உடனே கோல் எடுத்தேன், நீ எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் இல்லை. பயம் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் மகன், எவ்வளவு கீழே என்று நீ சொல்லவில்லை. முர்ஷித் வந்ததும் பெரிய கடதாசி ஒன்றைச் சுவரில் ஒட்டி, காலைப் பக்கவாட்டில் வைத்து, பென்சிலால் சுற்றி வரையச் சொல்லு. நீ நேராக உட்கார்ந்திருக்க வேண்டும், சாய்ந்து கிடந்தால் அளவு பிழைக்கும். அதைப் படம் பிடித்து அனுப்பு. அழகரெத்தினத்திடம் சொல்லிவிட்டேன், ஒட்டினதை வெட்டிவிட்டு உன் அளவுக்குத் திரும்ப ஒட்டித் தருவான். அதுவும் பிழைத்தால் இன்னொரு முறை வெட்டுவோம்.

சோற்றை நேரத்துக்குச் சாப்பிடு, மருந்தை விடாதே, சப்ரியைப் பக்கத்தில் வைத்துக்கொள். உம்மாவோடு ஒரு சொல்லாவது கதை, சலாம் மட்டும் சொன்னாலும் காணும். அல்லாஹ் உன் காலுக்கும் மனசுக்கும் ஷிஃபாவைத் தரட்டும், உன் ஆயுளை நீட்டி உன்னை எங்கள் கண்ணுக்கு முன்னால் கொண்டு வரட்டும், ஆமீன். போனை இனித் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டுதான் படுப்பேன், எந்த நேரம் என்றாலும் எடு. படம் வரும் வரைக்கும் பெடல் நட்டை நான் இறுக்க மாட்டேன்.

உன் வாப்பா,
ஷரிபுதீன்